ஒன்பது பேரில் ஒருவன்

விம்கோ நகர்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி அன்பரசனுக்கு,

நேற்று உன்னைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் சிறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காவலர் ஒருவர் வந்து, "உங்க தம்பி பாக்க இஷ்டம் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா" என்றார். கையெழுத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். உன் கையெழுத்துதான்.

உன்னோடு உள்ளே இருக்கிற மற்ற எட்டுப் பேரின் குடும்பமும், பிளாக் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற நம் தீனா அண்ணன் பிடித்துக் கொடுத்த வேனில் வந்திருந்தது. நான் மட்டும் மூலக்கடையில் பஸ் மாறி வந்தேன். அவர்கள் இருந்த பெஞ்சில் இடம் இருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

நீ கேள்விப்பட்டது உண்மை. போன மாதம் பதினேழாம் தேதி நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். மார்ச் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் சி பிளாக் வாசலில் நடந்ததை, இரண்டாவது மாடி நடையிலிருந்து பார்த்தபடி சொன்னேன். அடித்தவர்களில் நிச்சயமாகத் தெரிந்த ஆறு பேரின் பெயரைச் சொன்னேன். அதில் உன் பெயரும் இருக்கிறது.

முபாஷிருக்காகத்தான் சொன்னேன். அவன் அடிக்கவில்லை. அடிபட்ட மனிதர் மேல் குப்புற விழுந்து, "உடுங்கடா, செத்துருவாரு!" என்று கத்தினான். செல்போன் வீடியோவில் அவன் குனிந்திருப்பது மட்டும்தான் தெரிகிறது. அதனால் அவனையும் சேர்த்து ஒன்பது பேராகப் பிடித்தார்கள். தீனா அண்ணன் கூட்டம் போட்டு, "யாரும் யார் பேரையும் சொல்லக் கூடாது. வந்தா ஒம்போது பேரும் ஒண்ணா வரணும்" என்று முடிவு செய்தபோது நானும் தலையாட்டினேன். பத்து வாரம் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முபாஷிரின் பெண்டாட்டி மெஹ்னாஸைத் தினமும் படியில் பார்க்க வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் 'அந்த ஆள்' என்றே சொல்கிறீர்கள். அவர் பெயர் சின்னப்பையன். வயது ஐம்பத்திரண்டு. மீஞ்சூர் பக்கம். திக்குவாய். எஃப் பிளாக்கில் புதிதாக வாடகைக்கு வந்த மகள் சினேகாவைத் தேடி வந்தவர், பிளாக் மாறி நம் வாசலுக்கு வந்துவிட்டார். கீழ்வீட்டுக் குழந்தையிடம் குனிந்து வழி கேட்டார். பையில் பேத்திக்கு வாங்கிய கவுன் இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வடசென்னையில் இறங்கியிருக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றியதே, அதை நம் பிளாக் குழுவில் போட்டது நான். அதையும் நீதிபதியிடம் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

அக்கா,
ரமாபாய்

* * *

22 ஜூன் 2024

ரமாபாய் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் அதிகாரிகள் படிப்பார்கள். அதனால் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

ஒன்பது பேரும் ஒரே கூடத்தில்தான் படுக்கிறோம். வக்கீல் உன் வாக்குமூலத்தின் நகலைக் கொண்டுவந்து படித்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. தேவப்பிரியம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க அக்கா பண்ணதுக்கு நீ இன்னா மாமு பண்ணுவ" என்றான். அவன் பெயரையும் நீ சொல்லியிருக்கிறாய்.

வெளியில் இருக்கிறவனுக்கு நம் எல்லோருக்கும் ஒரே முகம்தான். வேலை கேட்டுப் போனால் விலாசத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடுகிறோம் என்கிறான். வண்டியை நிறுத்தினால் முதலில் சட்டைப்பையைத் தடவுகிறான். அப்போதெல்லாம் நீ தனி ரமாபாய், நான் தனி அன்பரசன் என்று எவன் பார்த்தான்? எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அம்மாவைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிப் போனது யார்? நீ டி.பார்ம் பாஸானபோது பேனர் வைத்தது யார்? அதில் உன் படத்துக்குக் கீழே 'சி பிளாக்கின் பெருமை' என்று போட்டிருந்தார்கள். வெறும் ரமாபாய் என்று போடவில்லை.

முபாஷிர் சொல்லச் சொன்னது: "அக்கா எனுக்கோசரம் ஒண்ணும் பண்ண வாணாம்." அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

வாக்குமூலத்தைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லலாமாம். வக்கீல் சொன்னார். அதுவரை மனுவுக்கு வராதே. அம்மாவை மட்டும் வேனில் அனுப்பு.

அன்பரசன்

* * *

விம்கோ நகர்
21 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நடந்ததைப் பற்றி எழுதாதே என்றாய். வேறு எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். பிளாக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தண்ணீர் லாரி வருவது எனக்கு மட்டும் தெரிவதில்லை. சத்தம் கேட்டு இறங்கிப் போவதற்குள் லாரி கிளம்பிவிடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல், எந்த மருந்து கொடுப்பது என்று கேட்டு நம் கதவைத் தட்டாத வீடு இந்தப் பிளாக்கில் இருந்ததா? இப்போது யாரும் தட்டுவதில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் மருந்துக் கடை உபைதுல்லா பாய், "இன்னாம்மா, இப்பல்லாம் மூணு பஸ் முன்னாடியே வந்துடற?" என்று கேட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

அம்மா எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை பேசினாள். "ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது உனுக்கு மட்டும் இன்னாடி தனியா ஒரு கண்ணு?"

அன்பு, எனக்குத் தனிக் கண் எதுவும் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் கீழே சத்தம் கேட்டு நடைக்கு ஓடி வந்ததும் நானும்தான் கத்தினேன். "புடிங்க, உடாதீங்க!" என்று. எதிர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். என் வாயும் சேர்ந்து கத்தியது. அது என் குரல்தான் என்று எனக்கு உறைத்தபோது அவர் விழுந்துவிட்டிருந்தார். நான் நல்லவள் என்று நினைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடி விழுவதற்கு முன்னால் நீ அவர் முகத்துக்கு மிகவும் அருகில் நின்றாய். அவர் உன்னிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார்?

அக்கா

* * *

2 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது. சாட்சி இருப்பதும் நாங்கள் இருப்பதும் ஒரே குடியிருப்பு, வெளியே விட்டால் சாட்சியை மிரட்டுவார்கள் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாட்சி நீ. உன்னால் ஒன்பது பேர் உள்ளே இருக்கிறோம். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவல் சோப்புக்கூட முதலில் எனக்குத்தான் நீட்டுகிறார்கள்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். அவ்வளவு கூட்டத்தில் எவன் சொன்னது எவன் காதில் விழும்?

முபாஷிரின் மச்சான் தனியாக ஒரு வக்கீலை அனுப்பினான். இவனை மட்டும் பிரித்து ஜாமீன் வாங்கலாம் என்று. இவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். "நான் தடுத்தேன்னு சொன்னா, யாரைத் தடுத்தன்னு கேப்பாங்கல்ல? அப்புறம் என் பொண்டாட்டி புள்ள எந்த மூஞ்சோட அங்க கீறது?" என்றான். எல்லோரும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாராவது ஒருவன் எப்போதும் அவன் பக்கத்திலேயே இருக்கிறான். அன்பினாலா, காவலா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று குழாயில் தட்டுக் கழுவும்போது முபாஷிர் என்னிடம், "அன்பு, அவரு பேரு இன்னான்னு உனுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டான். தட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். நீயும் அவனும் பேசிவைத்துக்கொண்டு கேட்கிறீர்களா?

அம்மா மிகவும் இளைத்துவிட்டாள். மனுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆஸ்பத்திரியில் காட்டு.

அன்பரசன்

* * *

விம்கோ நகர்
19 ஜனவரி 2025

அன்பு,

அம்மா எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்குப் போய்விட்டாள். தந்தி போல ஒரு வரியில்தான் உனக்குச் செய்தி வந்திருக்கும். மிச்சத்தை நான் எழுத வேண்டும்.

மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது சாய்ந்திருந்தாள். கல்லீரல் முற்றிப் போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள். மருந்துக் கடையில் வேலை செய்கிற எனக்கு அவள் கண் மஞ்சளானது தெரியவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஏழு மாதம் ஆகியிருந்தது.

உன்னை அழைத்துவர உத்தரவு வாங்கினோம். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று மதியம் மூன்று மணிக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, யாரும் வர மாட்டார்கள், உபைதுல்லா பாய்க்குப் போன் போட்டு நாலு ஆள் கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கேட்கத் தேவை இருக்கவில்லை. முதலில் வந்தது தேவப்பிரியத்தின் அம்மா. நான் பெயர் சொன்ன ஆறு பேரில் ஒருவனின் அம்மா. அம்மாவின் காலை நேராக்கிக் கட்டினாள். பிறகு பிளாக்கே வந்துவிட்டது. சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி, பூ எல்லாம் எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியாது. புத்த வந்தனம் சொல்லத் தெரிந்தவரை வியாசர்பாடியிலிருந்து தீனா அண்ணன் கூட்டிவந்தார். நீ பிடிக்க வேண்டிய இடத்தில் அவர் தோள் கொடுத்தார். மூன்று நாள் எனக்கு எட்டு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தது. மெஹ்னாஸ் என் தலையைச் சீவிவிட்டாள்.

வழக்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தீனா அண்ணன்கூட, "சாப்டியாம்மா?" என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம். நிபந்தனை போட்டிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியும்.

பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி என் சாட்சி. சம்மன் வந்துவிட்டது.

அக்கா

* * *

1 பிப்ரவரி 2025

அக்கா,

அம்மா போன செய்தி வந்ததும் எட்டுப் பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேவப்பிரியம் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இவர்களைவிட எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டு இருக்கும்போதே, நான் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று தெரியாமல்தானே இவர்கள் அழுகிறார்கள் என்றும் தோன்றியது.

இதை அதிகாரி படிப்பார். படிக்கட்டும்.

அன்று துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். "புள்ள புடிக்கிறவன் மாட்டிகினான்!" என்று சத்தம் கேட்டது. லுங்கியோடு ஓடினேன். ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். பையைப் பிடுங்கியிருந்தார்கள். அடிக்கவில்லை. அதுவரை ஒருவரும் அடிக்கவில்லை, அக்கா.

நான்தான் உள்ளே நுழைந்து சட்டையைப் பிடித்தேன். "யார்ரா நீ? பேரு இன்னா?" என்றேன். அவர் வாயைத் திறந்தார். 'சி... சி...' என்று மட்டும் வந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். உலுக்கி மறுபடியும் கேட்டேன். அப்போது சொன்னார். "சின்னப்பையன்."

நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். "சின்னப் பையனுக்கோசரம் வந்தானாம்டா! அவனே சொல்றான்!"

அதற்கப்புறம்தான் முதல் உதை விழுந்தது. அதுவும் என் கால்தான்.

அவர் சொன்னது அவருடைய பெயர் என்று குற்றப்பத்திரிகை படித்தபோதுதான் தெரிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கீழே விழுந்த பிறகும் அவர் அதையே சொன்னார். நெஞ்சில் கையால் தட்டித் தட்டிச் சொன்னார். நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஒரு மனிதன் எதைச் சொல்வான்? எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்துங்கடா, பேரைத்தான் சொல்றாரு என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சுற்றிலும் முப்பது பேர். நான் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். இப்போது நானே நிறுத்தச் சொன்னால் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அது போய்விட்டது. அப்புறம் முன்னைவிட வேகமாக உதைத்தேன்.

கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஒருவனுக்கும் தன் நினைவு இருக்காது, அதைத்தான் கோர்ட்டில் சொல்லப்போகிறேன் என்கிறார் வக்கீல். எட்டுப் பேரும் ஆமாம் என்கிறார்கள். அவர்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். எனக்கு நினைவு இருந்தது. நான் முழுசாக அங்கே இருந்தேன்.

பதின்மூன்றாம் தேதி உன்னைக் கேட்டால், 'சின்னப் பையனுக்கோசரம் வந்தானாம்' என்று கத்திய குரல் என் தம்பி குரல் என்று சொல். முபாஷிர் தடுத்தான் என்று சொல். எனக்காகப் பார்க்காதே.

அன்பு

* * *

விம்கோ நகர்
14 பிப்ரவரி 2025

அன்பு,

முந்தாநாள் தீனா அண்ணன் வந்து, "காலைல வேன் போவுது, நீயும் அதுலயே வந்துடும்மா, பஸ்ல அலைய வாணாம்" என்று சொன்னார். போனேன். முன் சீட்டை எனக்காக விட்டிருந்தார்கள். யாரோ மடியில் இட்லிப் பொட்டலம் வைத்தார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னைச் சுற்றிப் பேச்சுச் சத்தம். யார் வீட்டு மிக்ஸி ரிப்பேர், எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது. ராயபுரம் தாண்டும்போது நானும் ஏதோ சொல்லிச் சிரித்தேன். அதோடு எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நான் எதையும் சொல்லப்போவதில்லை என்று.

"மாடியிலிருந்து பார்த்தீர்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். "கூட்டமா இருந்துச்சு. யாருன்னு தெரியலை" என்றேன். வாக்குமூலத்தைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார். "போலீஸ் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்" என்றேன். அப்படி யாரும் சொல்லச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும். என்னைப் பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள்.

கூண்டில் ஏறியபோது நீ என்னையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் கண்ணை நேராகப் பார்த்தேன். நன்றி சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். முபாஷிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அது சினேகா என்று வெளியே வந்த பிறகு சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் என்னைப் பிளாக் குழுவில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். சேர்த்த நிமிஷமே நாற்பது பேர் கை கூப்பி அனுப்பியிருந்தார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நீ வீட்டுக்கு வா. அது போதும்.

அக்கா

* * *

விம்கோ நகர்
20 பிப்ரவரி 2025

அன்பு,

பிப்ரவரி ஒன்றாம் தேதி நீ எழுதிய கடிதம் இன்று மதியம்தான் வந்தது. படித்ததற்கான முத்திரை குத்தியிருக்கிறது.

நீ தலையை ஆட்டியது எதற்கு என்று இப்போது தெரிகிறது.

எனக்கு எழுத வரவில்லை.

* * *

காட்டுப்பள்ளி
6 ஏப்ரல் 2025

அக்கா,

மார்ச் 24 தீர்ப்பு. ஒன்பது பேரும் விடுதலை. உனக்குத் தெரியும், நீ கோர்ட்டில் இருந்தாய். மறுநாள் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நான் காணாமல் போனது பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள்.

வேன் வந்தது. மாலை போட்டார்கள். பிளாக் வாசலில் பட்டாசுச் சரம் தயாராக இருக்கிறது என்று தீனா அண்ணன் சொன்னார். எந்த வாசலில் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மாதவரம் ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வயிறு சரியில்லை, பின்னால் வருகிறேன் என்றேன். தேவப்பிரியம் கூடவே இறங்கினான். "நீ போடா, வந்துர்றேன்" என்று சொல்லி அவனைத் திரும்ப ஏற்றிவிட்டேன். கதவில் தொங்கிக்கொண்டு கை காட்டிக்கொண்டே போனான்.

குற்றப்பத்திரிகையில் சாட்சிகள் பட்டியலில் சினேகாவின் புது விலாசம் இருந்தது. மாதவரத்தில்தான். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றாள். "சி பிளாக் அன்பரசன்" என்றேன். கதவை மூடவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. சந்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதை அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று கேட்டார்கள். அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தெளிவா சொன்னாரா?"

எனக்குப் புரியவில்லை. "பேரு. தெளிவா சொன்னாரா?" என்றாள்.

"ரெண்டாவது வாட்டி தெளிவா சொன்னாரு" என்றேன்.

"என் நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பேரு கேட்டாங்க. அவரால முடியல. எங்க மாமாதான் சொன்னாரு." அவ்வளவுதான். "போயிடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சந்து முனையில் அவள் புருஷன் ஓடி வந்து என் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். மேல்முறையீடு போடப்போகிறார்களாம். நீ சொன்னதை எழுதித் தருவாயா என்று கேட்டான். ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், என் அக்காவிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நீ கிழித்துப் போடவில்லை என்றால் அதை அவர்களிடம் கொடுத்துவிடு. என்னைத் திரும்ப உள்ளே போடுவார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். கொடுக்க முடியாவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வேனில் நானும் உட்கார்ந்து வந்தேன், மாதவரம் வரைக்கும்.

இங்கே கப்பலுக்குத் துரு சுரண்டுகிற வேலை. ஒடிசாக்காரர்களோடு தகரக் கொட்டகையில் இருக்கிறேன். என்னை 'மெட்ராஸ்' என்று கூப்பிடுகிறார்கள். பேச ஆள் இல்லை. சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருக்கிறது. வந்தால் எல்லோரும் ஓடி வந்து தூக்கிக்கொள்வார்கள், ஒரே வாரத்தில் நானும் கேரம் ஆடிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான் வரவில்லை.

அன்பு

* * *

விம்கோ நகர்
27 ஏப்ரல் 2025

அன்பு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நடுவில் தீனா அண்ணன் இரண்டு தடவை வந்தார். நீ சினேகா வீட்டுக்குப் போனது எப்படியோ இங்கே தெரிந்துவிட்டது. "எங்கம்மா கீறான் அவன்? ஒரு வார்த்தை பேசணும், அவ்ளோதான். நம்ம புள்ள, நாமளே உட்டுக் குடுப்போமா?" என்றார். தெரியாது என்றேன். அவர் மிரட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. இந்த ஒன்பது பேரை வெளியே கொண்டுவர அந்த மனிதர் ஒரு வருஷம் வேலைக்கே போகவில்லை என்பது உனக்கும் தெரியும்.

நேற்று சினேகாவின் வக்கீலைப் பார்த்தேன். உன் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். நான் கோர்ட்டில் சொன்னது பொய், நீதிபதியிடம் முதலில் சொன்னதுதான் உண்மை என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று கத்திய குரல் யாருடையது என்பதையும் எழுதினேன். வக்கீல் அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "பொய்ச்சாட்சி சொன்னதுக்கு முதல்ல உங்க மேலதான் கேஸ் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். எழுதியதைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவசரமாகப் படி இறங்கினேன். சினேகா வாசலில் நின்றிருந்தாள். அவளைக் கடந்து தெருவுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை தாக்கல் செய்கிறார்கள். அன்று மாலைக்குள் பிளாக்குக்குத் தெரிந்துவிடும். உபைதுல்லா பாய் கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டி வைக்கிற அறையை ஒழித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். துணிகளைக் கட்டிவைத்துவிட்டேன்.

இன்று மாலை முபாஷிரின் மகளுக்கு நாலாவது பிறந்தநாள். மகள் பிறந்தநாளுக்கு அவன் வெளியே இருக்கிறான் என்று பிளாக்கே சேர்ந்து கொண்டாடியது. நடை முழுக்க பலூன். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். மெஹ்னாஸ் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "நீ இல்லாம இன்னாக்கா?" போனேன். தேவப்பிரியம் நாற்காலி போட்டான். குழந்தை கேக்கின் முதல் துண்டை அவள் அப்பாவுக்கு ஊட்டியது. இரண்டாவது துண்டை முபாஷிர் எடுத்து எல்லோரையும் தாண்டி வந்து எனக்கு ஊட்டினான். என் கண்ணைப் பார்த்தான். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கடைசிவரை இருந்து, நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு வந்தேன்.

அக்கா
ரமாபாய்